பெண்ணையின் கழிமுகத்திலிருந்து கல்வராயன் மலைக்கு

கடலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தென்பெண்ணையாறு அதன் முடிவிலிருந்துதான் அறிமுகமாகிறது. தாழங்குடா அருகே கடலோடு கலக்கும் அகன்ற நீர்ப்பரப்பையும், கோடையில் ஆல்பேட்டைப் பாலத்துக்குக் கீழே காய்ந்து கிடக்கும் மணலையும் நாங்கள் அறிவோம். அந்த நீர் எந்த நிலங்களைக் கடந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் மேற்கே பெய்த பெருமழையால் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறந்துவிடப்பட, இங்கே மழை ஓய்ந்த பிறகு ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வானம் வெளுத்திருக்கும்போது வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு மேற்கு என்பது வெறும் திசையன்று. கடலிலிருந்து ஆற்றை எதிர்த்து, மலை தொடங்கும் இடம் வரை சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் வேர்விட்டது. கடந்த தை மாதத்தில், அக்காள் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மூன்று நாள் பயணமாக அதை நிறைவேற்றினேன்.

கடலூரில் மலையேற்றம் பழகுவதற்கு இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். கெடிலம் ஆற்றின் தெற்கே, மத்தியச் சிறைச்சாலை அமைந்திருக்கும் அந்தச் செம்மண் மேட்டில் இரண்டு மாதங்கள் ஏறி இறங்கினோம். எந்த இடத்தில் கியரை இறக்குவது என்பதை அது கற்றுக்கொடுத்தது. ஆனால் கால்கள் வலிக்கத் தொடங்கும் முன்பே அதன் ஏற்றம் முடிந்துவிடும்.

முதல் நாள் அதிகாலை நாலரை மணிக்கு ஆல்பேட்டையிலிருந்து புறப்பட்டோம். சித்தூர் செல்லும் பழைய சாலை, நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி வரை, வடக்கே பெண்ணையும் தெற்கே கெடிலமுமாக இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஓடுகிறது. சாலையிலிருந்து ஆறுகள் கண்ணுக்குத் தெரிவது அரிது. கரும்புத் தோட்டங்களும், பனை வரிசைகளும், விடியலுக்கு முன்பே ஓடத் தொடங்கிவிடும் பம்புசெட்டுகளின் ஓசையுமே ஆற்றின் அண்மையைச் சொல்கின்றன. கரும்பு வெட்டும் காலம் என்பதால், சர்க்கரை ஆலையை நோக்கிப் போகும் டிராக்டர்கள் இருட்டில் பின்விளக்கில்லாமல் எதிர்ப்பட்டன. அவற்றிலிருந்து உதிர்ந்த கரும்புகள் சாலையின் ஓரத்தில் கிடந்தன. மெல்லிய டயரில் வருபவர் அந்தப் பருவத்தில் ஓரத்தை நம்பக் கூடாது, நல்ல முன்விளக்கில்லாமல் விடியலுக்கு முன் கிளம்பவும் கூடாது.

கடலூரிலிருந்து திருக்கோவிலூர் வரை எழுபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போனாலும் நிலம் எழுபது மீட்டர் அளவே உயர்கிறது. கண் அந்தச் சரிவை உணராது. ஆனால் அதே சரிவில்தான் ஆறு கடலுக்கு வருகிறது, வெள்ளமும் அதே சரிவில்தான் வந்தது. பண்ருட்டியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மடப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்த பிறகு வண்டிகள் குறைந்தன, சாலை எங்களுடையதாயிற்று. சீமைக் கருவேல முள் ஒன்று என் பின் டயரில் ஏறியதால் ஒரு வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் கழிந்தது. ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவி, ஒடிந்து நிற்கும் முள்முனையைத் தேடி எடுப்பது கட்டாயம். அதை விட்டுவிட்டால் புதிய ட்யூபும் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

திருக்கோவிலூரில்தான் ஆறு தன்னை முழுதாகக் காட்டியது. பாறைகளுக்கும் மணலுக்கும் இடையே தெளிந்த நீர் சிறு கால்களாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றைக் கரையில் நின்று நெடுநேரம் பார்த்தோம். பாரி இறந்த பின், அவன் மகளிரைத் தக்க இடத்தில் சேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்துறந்த இடம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் பாறை அது. இந்த ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர்களுக்கு மலையமான்கள் என்று பெயர். தலைநகர் ஆற்றங்கரையில் இருக்க, பெயரில் மலை இருக்கிறது. மேற்கு வானத்தில் நீல நிழலாகத் தெரிந்த மலைகளைப் பார்த்தபோது அந்தப் பெயரின் பொருத்தம் எனக்கு நன்றாகவே விளங்கியது. அங்கிருந்து சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைந்தபோது அன்றைய கணக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

இரண்டாம் நாள் சுமைகளை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுக் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணைக்குப் போனோம். 46 அடி உயரம் வரை நீர் தேக்கும் சிறிய அணை அது; அதன் பின்னால் கல்வராயன் மலை சுவர்போல் எழுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இந்த மலைகள் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கின்றன. வெள்ளிமலைக்குப் போகும் மலைச்சாலை காட்டுக்குள் நுழைந்ததும் வளைந்து ஏறத் தொடங்குகிறது.

சமவெளியில் சைக்கிள்காரர் போராடுவது காற்றோடு. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மலையில் காற்றுக்கு வேலையில்லை, எடைதான் எல்லாம். என் வண்டியில் முன்னால் 34 பற்களும் பின்னால் 32 பற்களும் உள்ள மிகச் சிறிய கியரில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி இரண்டேகால் மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தை ஏற்க மனம் மறுப்பதே சமவெளிக்காரர்களின் முதல் தவறு. மருமகன் முதல் கொண்டை ஊசி வளைவுகளை எழுந்து நின்று மிதித்து வேகமாகக் கடந்தான். மூன்றாவது வளைவில் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான், அவனுடைய தொடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தலையில் சாமை மூட்டையுடன் ஏறிக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் எங்களைக் கடக்கும்போது, நிற்காமலேயே சொன்னார்: "வேகமா ஏறி உக்காராத தம்பி. பேசிக்கிட்டே ஏற முடியுதான்னு பாரு. பேச முடியலன்னா நடை அதிகம்னு அர்த்தம்."

இதயத் துடிப்பு மானியும் பயிற்சி நூல்களும் பல பக்கங்களில் சொல்வதை அவர் இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே ஏறினோம். பேச்சு தடைப்பட்டால் கியரை ஒன்று இறக்கினோம். மூங்கில் புதர்களையும் பாறைச் சரிவுகளையும் கடந்து, பெரியார் அருவியின் ஓசை கேட்ட இடத்தில் மட்டும் நின்று முகம் கழுவினோம். மேலே போனதும் மலை திடீரென்று சமநிலமாக விரிந்து, மரவள்ளித் தோட்டங்களும் ஓட்டு வீடுகளும் தெரிய, குளிர்ந்த காற்று வியர்வையை உலர்த்தியது. வெள்ளிமலைத் தேநீர்க் கடையில் குடித்த தேநீருக்கு நிகராக வேறொன்றை நான் நினைவில் வைத்திருக்கவில்லை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கவனம் கேட்பது. வளைவுக்குள் நுழைந்த பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிடியைத் தளர்த்த வேண்டும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறிவிடும் என்பதால் இரண்டு முறை நிறுத்தி ஆறவிட்டோம்.

அணைக்கரைக்கு வந்ததும் மருமகன் கேட்டான்: "இந்தத் தண்ணி நம்ம பெண்ணைக்குத்தானே மாமா வருது?" நானும் புறப்படும்போது அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் கோமுகி வெள்ளாற்றுப் படுகையைச் சேர்ந்தது. அதன் நீர் எங்கள் வீட்டைத் தொடாமல், தெற்கே பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. தென்பெண்ணையோ வடமேற்கே கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரியையும் சாத்தனூரையும் கடந்து வருகிறது. நான் ஏறிய மலை என் ஆற்றின் மலையன்று என்று அவனிடம் சொல்லும்போது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவன் தன் கைப்பேசியில் வரைபடத்தை விரித்து, சாத்தனூருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கத் தொடங்கியிருந்தான்.

மூன்றாம் நாள் திரும்பும்போது பண்ருட்டிக்குக் கிழக்கே கடற்காற்று முகத்தில் அடித்தது. ஒருவர் பின் ஒருவராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னிடம் மாற்றிக்கொண்டு, குனிந்து மிதித்து, வெயில் சாயும் நேரத்தில் ஆல்பேட்டைப் பாலத்தை அடைந்தோம். ஆற்றில் முழங்கால் அளவு நீர் இருந்தது.