ஏற்றுமதிக்கு வரி இல்லைதான், ஆனால் பதிவு வேண்டும்

திருப்பூரில் கைக்குழந்தைகளுக்கான பின்னலாடை தைத்து, இன்ஸ்டாகிராம் மூலமும் வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் மூலமும் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் ஒரு சின்னத் தொழிலை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 8 லட்சம் ரூபாய். "எக்ஸ்போர்ட்டுக்குத்தான் ஜிஎஸ்டி கிடையாதே, அதுவும் 40 லட்சத்துக்குக் கீழேதானே இருக்கிறோம், பதிவு எதற்கு?" என்ற கேள்வி இங்கேதான் அதிகம் வருகிறது. அந்தக் கேள்வியில் இரண்டு தவறுகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

40 லட்சம் என்ற வரம்பு, மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கானது. இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்கு விற்றால் அது மாநிலம் கடந்த விற்பனை என்று, மாநிலங்களுக்கு இடையிலான வரிக்கான ஐஜிஎஸ்டி சட்டத்தின் 7(5) பிரிவு சொல்கிறது. மாநிலம் கடந்து வரிக்குரிய பொருளை விற்பவர் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்பது மத்திய ஜிஎஸ்டி சட்டமான சிஜிஎஸ்டியின் 24-ஆவது பிரிவு. அங்கே வரம்பே இல்லை, முதல் பார்சலிலிருந்தே பதிவு வேண்டும். சேவைக்குத் தளர்வு உண்டு: வெப் டிசைன், மொழிபெயர்ப்பு, ஆன்லைன் பாட்டு வகுப்பு என்று வெளிநாட்டுக்குச் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டு அறிவிப்பு ஒன்று 20 லட்சம் வரை விலக்கு தருகிறது. அச்சுப் புத்தகம் போல முழுக்க வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவருக்கும் பதிவு தேவையில்லை. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் பொருளை ஏற்றுமதி செய்யவே முடியாது.

இரண்டாவது தவறு, ஏற்றுமதியை "வரிவிலக்கு" என்று நினைப்பது. சட்டம் அதைப் பூஜ்ஜிய வரி விற்பனை என்கிறது. விலக்கு என்றால் துணி, அட்டைப்பெட்டி, கூரியர் ஆகியவற்றுக்குக் கொடுத்த வரி நம் தலையில்தான் விழும். பூஜ்ஜிய வரி என்றால் அந்த வரி திரும்பக் கிடைக்கும். ஆனால் அது தானாக வராது. பதிவு, எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிமொழி), ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்கான ஏற்றுமதிப் படிவம்), ரிட்டர்ன் என்ற நான்கிலும் ஒரே கணக்கு இருந்தால்தான் வரும்.

பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே தொழில் செய்தால் வீட்டு முகவரியையே கொடுக்கலாம். சிக்கல் பெரும்பாலும் முகவரிச் சான்றில்தான். ஈபி பில் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், சொத்து வரி ரசீதில் பழைய கதவு எண்ணும் ஆதாரில் புதிய எண்ணும் இருக்கும். அதிகாரி விளக்கம் கேட்டால் பதில் தர 7 வேலை நாள்தான். ஆகவே உரிமையாளரின் சம்மதக் கடிதம், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வீடுதான் என்று காட்டும் ஏதாவது ஓர் ஆவணம் இரண்டையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பதிவு கிடைத்த 30 நாளுக்குள், அல்லது விற்பனை விவரம் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இன் முதல் தாக்கலுக்குள், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டும். மறந்தால் பதிவு நிறுத்திவைக்கப்படும்.

பொருள் அனுப்ப ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண்ணும் தேவை. மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் செயலிழக்கும். பார்சல் விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அடுத்து எல்யூடி. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்கிறேன், விதிப்படி நடக்காவிட்டால் வரியை வட்டியோடு கட்டுகிறேன் என்ற உறுதிமொழி அது. ஜிஎஸ்டி போர்ட்டலில் ஆர்எஃப்டி-11 படிவம். இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி கொடுத்து, ஓடிபி மூலம் கையெழுத்திட்டால் முடிந்தது. வங்கி உத்தரவாதம் வேண்டாம். மார்ச் 31-உடன் காலாவதியாகும் என்பதால் அடுத்த நிதியாண்டுக்கானதை மார்ச்சிலேயே போட்டுவிடுவது நல்லது. ஏப்ரலில் மறந்து பார்சல் அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம். தாமதமான எல்யூடியைக் காரணம் காட்டி ரீஃபண்டை மறுக்கக்கூடாது, பின்தேதியிட்டு ஏற்கலாம் என்று வரி வாரியத்தின் சுற்றறிக்கையே இருக்கிறது. பொருள் என்றால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வழியும் உண்டு. சின்ன முதலீட்டில் ஓடுகிறவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், கையிலிருக்கும் பணம் முடங்கிவிடும்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம். கூரியர் கடையில் பார்சலைக் கொடுத்தால், சொல்லாவிட்டால் பல இடங்களில் சிஎஸ்பி-4 என்ற கூரியர் ஷிப்பிங் பில்லைப் போட்டுவிடுவார்கள். அது அன்பளிப்புக்கும் மாதிரிக்குமான படிவம். பார்சல் ஜெர்மனி போய்ச் சேரும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாக இருப்பார், ஆனால் சுங்கத்துறைக் கணக்கில் நீங்கள் எதையும் விற்கவில்லை. ரீஃபண்ட் கேட்கும்போது ஏற்றுமதிக்கு ஆதாரம் இருக்காது. விற்பனைக்கு உரியது சிஎஸ்பி-5. ஐஇசி, ஜிஎஸ்டி எண், எல்யூடி, ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் எண்), பொருள் வகையைக் காட்டும் 8 இலக்க எச்எஸ் கோடு ஆகியவற்றைக் கூரியர் நிறுவனத்திடம் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு எளிது. பின்னல் துணியில் தைத்த கைக்குழந்தை உடைகள் 6111 தலைப்பில் வரும். அஞ்சல் வழி என்றால், அஞ்சல் துறையின் ஏற்றுமதிச் சேவையான டாக் கர் நிர்யாத் கேந்திரா போர்ட்டலில் பிபிஇ என்ற அஞ்சல் ஏற்றுமதிப் படிவத்தை நிரப்பலாம். எடை குறைந்த பார்சலுக்கு அதுதான் கட்டுப்படியாகும். எந்த வழியானாலும் "கிஃப்ட்" என்று எழுதச் சொல்லும் வாடிக்கையாளரிடம் தயங்காமல் முடியாது என்று சொல்லுங்கள்.

இன்வாய்ஸில் வாங்குபவரின் பெயர், முகவரி, பொருள் சேருமிடம், சேரும் நாடு இருக்க வேண்டும். எல்யூடி அடிப்படையில் ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யப்படுகிறது என்ற அறிவிப்பு வாக்கியம் 46-ஆவது விதியில் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதை அப்படியே போடுங்கள். டாலரையோ யூரோவையோ ரூபாயாக மாற்றும்போது, பொருளுக்குச் சுங்கத்துறை அறிவிக்கும் விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும், கூகுள் காட்டுவதை அல்ல. ஜிஎஸ்டிஆர்-1-இல் அட்டவணை 6ஏ-வில் ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு. வரிச் சுருக்க ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் இதே தொகை 3.1(பி)-யில். 3.1(ஏ)-வில் உள்நாட்டு விற்பனையோடு சேர்த்துப் போட்டுவிட்டால் போர்ட்டல் அதை ஏற்றுமதியாக எடுக்காது. விற்பனை இல்லாத காலத்திலும் நில் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய்.

செலவுப் பக்கம் இரண்டு விஷயம். ஒன்று, வெளிநாட்டுக்குப் பொருள் கொண்டுசெல்லும் கட்டணத்துக்கு இருந்த விலக்கு 2022 செப்டம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. இப்போது கூரியர் பில்லில் 18 சதவீதம் வரி. துணிக்குக் கொடுக்கும் 5 சதவீதத்தைவிட இதுதான் பெரிய தொகையாக நிற்கும். உங்கள் ஜிஎஸ்டி எண் பில்லில் இருந்தால்தான் அது, திரும்பப் பெறக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் தெரியும். இரண்டு, வெளிநாட்டு விற்பனைத் தளத்தின் கட்டணம். உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தபின் தளம் வரி வசூலிக்கவில்லை என்றால், அது சேவை இறக்குமதி. 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குபவர் வரி கட்டும் முறையில், நீங்களே ரொக்கமாகக் கட்டி, சுய இன்வாய்ஸ் எழுதி, பிறகு அதையே ஐடிசியாக (உள்ளீட்டு வரி வரவாக) எடுக்க வேண்டும். பில்லைக் கொடுப்பது இந்திய நிறுவனமா வெளிநாட்டு நிறுவனமா என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தால் வட்டியும் சேர்ந்துவிடும்.

ரீஃபண்ட் கணக்கு இப்படி: ஒரு காலாண்டில் ஏற்றுமதி 1,50,000, உள்நாட்டு விற்பனை 50,000, ஐடிசி 12,000 என்றால், 1,50,000-ஐ மொத்த விற்பனை 2,00,000-ஆல் வகுத்து 12,000-ஆல் பெருக்க வேண்டும். 9,000 ரூபாய் கேட்கலாம். தையல் இயந்திரம் போன்ற மூலதனப் பொருளின் ஐடிசி இதில் சேராது. ஐடிசி சேரும் கணக்கான கிரெடிட் லெட்ஜரில் விண்ணப்பிக்கும் அன்று இருக்கும் தொகைக்கு மேலும் கிடைக்காது. ஆகவே உள்நாட்டு வரிக்கு அதைக் கரைப்பதற்கு முன் ரீஃபண்ட் விண்ணப்பமான ஆர்எஃப்டி-01 போட்டுவிடுங்கள். 2 ஆண்டுக்குள் கேட்காவிட்டால் உரிமை போய்விடும்.

வாடிக்கையாளர் நாட்டு வரி தனி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு சின்னப் பார்சலுக்கும் வாட் (மதிப்புக்கூட்டு வரி) உண்டு. 150 யூரோ வரையிலான பார்சலுக்குத் தளமே வாட் வசூலித்து, அதைக் காட்டும் ஐஓஎஸ்எஸ் எண்ணைத் தரும். அந்த எண்ணைப் பெட்டியின் மேல் எழுதினால் போதாது, கூரியரின் மின்னணு விவரத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் இரண்டாம் முறை வாட் கட்ட நேரும். சொந்த இணையதளத்தில் விற்றால் ஐஓஎஸ்எஸ் பதிவுக்கு ஐரோப்பாவில் ஓர் இடைநிலையாளரை அமர்த்த வேண்டும். மாதம் பத்துப் பார்சலுக்கு அந்தச் செலவு தாங்காது, தளம் வழியாகவே விற்கலாம். அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒரு குழந்தைச் சட்டைக்கும் சுங்கம் உண்டு. அதை யார் கட்டுவது என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பார்சலை வாங்க மறுப்பார்கள், திரும்பி வரும் கூரியர் செலவும் உங்கள் கணக்கில்தான் விழும்.