அடுத்த கப்பலுக்கு இன்றே முற்பணம்: கொழும்பிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

உல்லாசக் கப்பல் புறப்பட்டு ஒரு நாள் ஆகவில்லை, அறிவிப்பு வந்துவிடும்: அடுத்த பயணத்துக்கு இங்கேயே முற்பணம் கட்டினால் ஒன்போட் கிரெடிட் (அந்தப் பயணத்தில் கப்பலில் செலவழிக்கக் கணக்கில் போடும் வரவு) தருகிறோம், மேசை ஐந்தாம் தட்டில் இருக்கிறது, வாருங்கள் என்று. சிங்கப்பூருக்கோ டுபாய்க்கோ பறந்துபோய்க் கப்பல் ஏறுகிற எங்கள் ஆட்களில் சிலர் இது ஏமாற்று வேலை என்று காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். சிலர் உற்சாகத்தில் அட்டையை நீட்டிவிட்டு, கொழும்புக்கு வந்த பிறகுதான் நிபந்தனைகளை வாசிப்பார்கள். இந்த ஏற்பாட்டில் மிச்சம் உண்டு. ஆனால் அந்த மிச்சம் மேசையில் வருவதில்லை. கிரெடிட்டை எதில் கழிக்கிறீர்கள் என்பதிலும், முற்பணம் திரும்பி வரக்கூடியதா என்பதிலும்தான் வரும்.

மேசையில் இரண்டு வகை விற்பார்கள். ஒன்று, கப்பலும் திகதியும் தீர்மானிக்காமல் கட்டி வைக்கும் திறந்த முற்பணம். பிரின்சஸ் கப்பல் நிறுவனத்தில் இது நெடுங்காலமாக ஆளுக்கு 100 டொலர்; இரண்டு வருடத்துக்குள் புக் பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் காசு திரும்பும். நோர்வீஜியன் விற்கும் குரூஸ்நெக்ஸ்ட் சான்றிதழ் வேறு குணம்: கட்டியதை விட முகப்பெறுமதி கூட, ஆனால் காசு திரும்பாது. இரண்டாவது வகையில், குறித்த பயணத்தையும் கபினையும் அங்கேயே தெரிந்து புக் பண்ண வேண்டும். ரோயல் கரீபியனின் நெக்ஸ்ட்குரூஸ் மேசையில் பெரும்பாலும் இதுதான். இதில் மலிவாகத் தெரியும் விலை அநேகமாகத் திருப்பித் தரப்படாத முற்பணத்தோடு வரும். பிறகு திகதியையோ கப்பலையோ மாற்றினால் ஆளுக்கு 100 டொலர் மாற்றுக்கட்டணம். இரண்டு பேர் ஒருமுறை மாற்றினாலே கிடைத்த கிரெடிட்டுக்கு மேலாகப் போய்விடும்.

ஆகவே கையெழுத்துப் போட முன் விலையைப் பார்க்கும் அதே கண்ணால் படிவத்தில் முற்பணத்தின் வகையைப் பாருங்கள். திருப்பித் தரப்படும், தரப்படாது என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். ஊழியர் திரையில் காட்டும் முதல் விலை எது என்று வாய்விட்டுக் கேளுங்கள். மற்றதன் விலையையும் கேளுங்கள். வித்தியாசம் ஒரு கபினுக்கு 60, 70 டொலராக இருந்தால், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் திருப்பித் தரப்படுவதையே எடுப்பது நல்லது.

காரணம் வீசா. சிங்கப்பூரில் ஏறுவதற்கு எங்களுக்கு முன்கூட்டிய வீசா தேவையில்லை. இடையில் தொடும் துறைமுகங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாக் கப்பல் என்றால் கதை வேறு. ஷெங்கன் வீசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்தான் விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழமையாக 15 நாள் என்பது விதி. ஆனால் கோடை காலத்தில் சந்திப்புத் திகதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். கப்பல் நிறுவனம் மிகுதிப் பணத்தைப் பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாளுக்கு முன் கேட்கும். நீண்ட பயணங்களுக்கு இன்னும் முந்தி. அதாவது வீசாவுக்கு விண்ணப்பிக்கக்கூடிய முதல் நாளுக்கும் மிகுதி கட்டும் நாளுக்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று மாதம். அதற்குள் வீசா முடிவு கையில் இருந்தால், மறுத்தாலும் முற்பணத்தோடு வெளியே வரலாம். அந்தத் திகதி தாண்டிவிட்டால் இரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். வீசா மறுப்பை எந்த நிறுவனமும் விதிவிலக்காக எடுக்காது. கப்பல் துருக்கிக்குப் போய்த் திரும்பவும் கிரேக்கத்துக்கோ இத்தாலிக்கோ வருகிறதென்றால் பலமுறை நுழையும் வீசா வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேசைக்குப் போகும் நேரமும் முக்கியம். கடைசி நாள் போனால் வரிசை, அவசரம், தவறான எழுத்து எல்லாம் சேர்ந்து வரும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாள், எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பிற்பகல் போங்கள். கையில் இரண்டு விடயம் இருக்கட்டும்: கப்பல் நிறுவனம் உங்களுக்குத் தந்த உறுப்பினர் இலக்கம், கொழும்பில் உள்ள ஏஜென்டின் பெயரும் ஏஜென்சி இலக்கமும். புக்கிங்கின்போதே ஏஜென்ட் பெயரைப் பதிந்தால் பிறகு அலைய வேண்டாம். பதியாமல் வந்தால் மாற்றுவதற்குச் சில நிறுவனங்களில் 30 நாள், சில இடங்களில் 60 நாள் அவகாசம் என்று இருக்கும். முழுப்பணம் கட்டிய பிறகு மாற்றமே இல்லை. இன்னொரு சிக்கல்: காலி வீதி நெடுக இருக்கும் எல்லா ஏஜென்சிகளுக்கும் கப்பல் நிறுவனத்தோடு நேரடிக் கணக்குக் கிடையாது. சிலர் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள விநியோகஸ்தர் மூலம்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். அவர்களிடம் கப்பலில் செய்த புக்கிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்க முடியாது என்பார்கள். புறப்பட முன்பே கேட்டுவிடுங்கள்.

வசிக்கும் நாடு எது என்ற கேள்வியும் வரும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினரின் முகவரியைச் சொன்னால் விலை குறையும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. செய்ய வேண்டாம். விலையும் முற்பணமும் இரத்து நிபந்தனையும் நாட்டுக்கு நாடு வேறு. கடவுச்சீட்டு விபரம் ஏற்றும்போது முரண்பாடு தெரிந்தால் விலையைத் திருத்துவார்கள், சேர்த்துக் கொடுத்த கிரெடிட்டும் போகலாம்.

இனிப் பெயர். தமிழருக்கு என்றே எழுதி வைத்த பிரச்சினை இது. எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு பெட்டியிலும் சொந்தப் பெயர் ஒரு பெட்டியிலும் இருக்கும். சிலருக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும். முதல் பயணத்தில் ஏஜென்ட் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார், அடுத்ததில் நீங்களே ஒன்லைனில் மாற்றிப் போட்டிருப்பீர்கள். நிறுவனத்தின் கணினிக்கு அது இரண்டு ஆட்கள். முற்பணம் ஒரு உறுப்பினர் இலக்கத்தில் நிற்கும், புதிய புக்கிங் மற்ற இலக்கத்தில் போகும், கிரெடிட் வராது. தீர்வு எளிது: இரண்டு இலக்கங்களையும், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரையும், பிறந்த திகதியையும் எழுதி உறுப்பினர் பிரிவுக்கு ஈமெயில் அனுப்பி ஒன்றாக்கச் சொல்லுங்கள். இதை மிகுதிப் பணம் கட்ட முன் முடிக்க வேண்டும்.

முற்பணம் கட்டியதால் கிரெடிட் தானாக வந்து விழும் என்று நம்பியிருக்க வேண்டாம். புதிய புக்கிங்கின் உறுதிப்படுத்தல் கடிதத்தில் விலை, வரி, துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் கீழே கிரெடிட் தனி வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் கிரெடிட் இல்லை. ஏஜென்டிடம் சொல்லிச் சேர்ப்பித்து, புதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் விலை இறங்கியதென்று ஏஜென்ட் புதிய விலைக்கு மாற்றினால் கடிதத்தைத் திரும்பவும் பாருங்கள்: விலைக் குறியீடு மாறும்போது பழைய கிரெடிட் சத்தமில்லாமல் கழன்றுவிடும். 40 டொலர் விலைக்கழிவுக்காக 100 டொலர் கிரெடிட்டை இழப்பது இப்படித்தான். அதோடு கிரெடிட் பெரும்பாலும் கபினுக்குத்தான், ஆளுக்கு அல்ல. மூன்றாவது, நான்காவது ஆளாகப் படுக்கும் பிள்ளைகளுக்கென்று தனியாகத் தர மாட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் 3, 4 இரவுப் பயணங்களுக்குத் தொகை சொற்பம், சிலவேளை எதுவுமே இல்லை. திறந்த முற்பணத்தை ஒரு நீண்ட பயணத்துக்கு வைத்திருப்பது இலாபம்.

காசைக் கட்டிப் போடுவது நட்டம்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு பேருக்கு 200 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 60,000 ரூபா. நிலையான வைப்பில் ஆண்டுக்கு 8 வீதம் என்றால் இரண்டு வருடத்தில் இழக்கும் வட்டி 9,600 ரூபா. 100 டொலர் கிரெடிட் கிடைத்தால் 30,000. போகப்போவது நிச்சயமென்றால் கணக்கு உங்கள் பக்கம். இரண்டு வருடமும் போகாமல் விட்டுக் காசைத் திருப்பி வாங்கினால் வட்டியும் போய், அட்டையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் போகும். ஒன்று மட்டும் உண்டு: முற்பணம் டொலரிலேயே நிற்கும். 2022 மார்ச்சிலிருந்து மே வரைக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது, வெளியே டொலரில் கட்டி வைத்தவருக்கு அந்தப் பங்கு மட்டும் பழைய விலையில் இருந்தது.

திருப்பிக் கொடுக்கும் காசு கட்டிய அதே அட்டைக்குத்தான் போகும். இரண்டு வருடத்தில் அட்டை காலாவதியாகி இலக்கம் மாறியிருக்கும். அதே வங்கியில் கணக்கு இருந்தால் தேடி எடுக்கலாம். கணக்கையே மூடியிருந்தால் மாதக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. இன்னும் மூன்று, நான்கு வருடம் செல்லுபடியாகும் அட்டையில் கட்டுங்கள்.

இப்போது செலவழிக்கும் பக்கம். மேசை வழியாக வந்த கிரெடிட் அநேகமாகக் காசாகத் திரும்பாத வகை. கடைசி இரவு மிச்சமிருந்தால் கப்பலோடு போய்விடும். அதனால் எப்படியும் கையால் கொடுக்க வேண்டிய செலவில் அதைக் கழிக்க வேண்டும். முதலிடம் டிப்ஸுக்கு. ரோயல் கரீபியனில் சாதாரணக் கபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டொலர். இரண்டு பேர், 7 இரவு: 259 டொலர். இதை முன்கூட்டிக் கட்டச் சொல்லி ஏஜென்ட் கேட்பார். கிரெடிட் இருந்தால் கட்ட வேண்டாம். கப்பலில் நாளாந்தம் கணக்கில் ஏறட்டும், கிரெடிட் அதை ஒவ்வொன்றாக விழுங்கும். இங்கேயே கட்டிவிட்டால், கப்பலில் கிரெடிட்டுக்கு வேலை தேடி வேண்டாத சாமான் வாங்குவீர்கள்.

குடிவகை, விசேட உணவகம், ஸ்பா ஆகியவற்றில் விலைக்கு மேல் சேவைக்கட்டணம் 18 முதல் 20 வீதம் வரை ஏறும். 50 டொலர் கிரெடிட் என்பது அங்கே 42 டொலர் சாமான்தான். வைஃபை, குடிவகைப் பொதி, கரைச் சுற்றுலா போன்றவை பயணத்துக்கு முன் ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கிரெடிட் பல நிறுவனங்களில் கப்பலில் ஏறிய பிறகுதான் உயிர்பெறும். 80 டொலருக்கு முன்பே வாங்கலாம், கப்பலில் 110 என்றால், முன்பே காசு கொடுத்து வாங்கிவிட்டு கிரெடிட்டை டிப்ஸுக்கு விடுங்கள். கசினோவில் போட்டுக் காசாக்கலாம் என்ற யோசனைக்கு நிறுவனங்கள் கதவடைத்துவிட்டன. கணக்கில் எழுதிச் சில்லுகள் எடுத்தால் கூடுதல் கட்டணமும் விழும்.

உறவுகளோடு ஒன்றுகூடிப் போகும் கப்பல்களில் இன்னொரு வாசல் இருக்கிறது. கார்னிவல் கோர்ப்பரேஷனில் 100 பங்கு வைத்திருப்பவருக்கு 6 நாள் வரை 50 டொலர், 7 முதல் 13 நாளுக்கு 100, 14 நாளும் மேலும் 250 டொலர் கிரெடிட். பிரின்சஸ், கோஸ்டா, ஹொலண்ட் அமெரிக்கா எல்லாம் அந்தக் குடும்பம். ரோயல் கரீபியனுக்கும் 100 பங்குக்கு இதே மாதிரி ஏற்பாடு உண்டு. டொரன்டோவில் இருக்கும் மச்சான் பங்கு வைத்திருந்தால் அவர் படுக்கும் கபினுக்குக் கிடைக்கும். உங்கள் கபினுக்கு வராது. கிரெடிட்டுக்காக இங்கிருந்து பங்கு வாங்கப் புறப்படுவது வீண் வேலை.

முதல் நாள் மாலையே செயலியில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். செலவுகள் கூட்டலாகவும் கிரெடிட் கழித்தல் குறியோடும் இருக்கும்: ஏறிய உடனே -100.00 என்று ஒரு வரி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உறுதிப்படுத்தல் கடிதத்தோடு கெஸ்ட் சேர்விஸ் மேசைக்குப் போங்கள்; அன்றைக்கே தீர்ப்பார்கள். இறங்கிய பிறகு கேட்டால் ஈமெயிலில் பதிலுக்கு மேல் பதில்தான் வரும். அதே மேசையில் இன்னொன்றும் கேளுங்கள்: இறுதிக் கணக்கு டொலரில் அறவிடப்படுமா, ரூபாவாக மாற்றியா? ரூபா என்றால் மாற்று விலையில் அவர்களுடைய இலாபமும் சேர்ந்திருக்கும். டொலரில் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். டெபிட் கார்ட் கொடுக்க வேண்டாம்: நாளாந்தம் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், இறங்கிப் பல நாளுக்குப் பிறகுதான் வங்கி அதை விடுவிக்கும். கடனட்டையில் வெளிநாட்டுப் பாவனையைக் கட்டுநாயக்க போக முன்பே வங்கியில் திறந்து வையுங்கள்.

கடைசிக்கு முதல் இரவு மீதியைப் பாருங்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது கடைகள் பூட்டிக் கிடக்கும் என்பதால் கடைசி நாள் காலை எதுவும் வாங்க முடியாது. 12 டொலர் மிஞ்சினால் பற்பசை, தலைவலி மாத்திரை, பிள்ளைக்கு ஒரு தொப்பி. பெரிய தொகை மிஞ்சினால் உங்களைக் கவனித்த கபின் ஊழியருக்கு மேலதிக டிப்ஸாகக் கணக்கிலிருந்து எழுதலாமா என்று கேளுங்கள். சில கப்பல்களில் விடுவார்கள். இறுதிக் கணக்கைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்து, வங்கியின் அடுத்த கணக்குக் கூற்று வந்ததும் தொகையை ஒப்பிடுங்கள். வங்கியின் மாற்றுக்கட்டணமும் முத்திரைத் தீர்வையும் வேறு வரிகளாக இருக்கும், அவை கப்பலுடையவை அல்ல.