போதிகையைப் பார்த்தால் காலம் தெரியும்

‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கோயில்’ என்று வாசலில் பலகை இருக்கும். தலத்துக்கு அந்த வயது இருக்கலாம். தமிழ்நாட்டில் நிற்கும் கல் விமானத்துக்கு, அதாவது கருவறைக் கட்டடத்துக்கு, இருக்காது. செங்கல், மரம், உலோகம், சாந்து இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பொறித்ததே 7ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் பாறையைக் குடைந்த குடைவரை. கல்லை அடுக்கிக் கட்டும் கற்றளி பெருகியது அதற்கும் பின்னால்.

கோபுரத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள், பெரும்பாலும் பிற்காலத்தது. நேரே கருவறையின் வெளிச்சுவருக்குப் போங்கள். அரைத்தூணின் உச்சியில், உத்திரத்தைத் தாங்க இருபுறமும் கை நீட்டி நிற்கும் கல்தான் போதிகை. பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலையலையாக வரியோடி, நடுவில் ஒரு பட்டை இறங்கும்: தரங்கப் போதிகை. சோழர் வந்ததும் அலை ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. கூடவே, சுமார் 45 பாகையில் சாய்வாக வெட்டிய போதிகை பரவுகிறது. பிறகு அந்த வெட்டின் நடுவே சிறு மூக்கு நீள்கிறது. பிற்காலச் சோழரில் அது மொட்டாகத் திரண்டு, விஜயநகர, நாயக்கர் பணிகளில் பெரிய பூமொட்டாகக் கீழே தொங்கும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் 1914இல் இந்த வளர்ச்சியை எழுதிவைத்தார். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் கணிப்புக்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அடுத்து, சுவர் நிற்கும் அடிப்பீடமான தாங்குதளம். அதன் அடிவரிசை ஜகதி, அதற்கு மேல் புடைத்து நிற்பது குமுதம். முப்பட்டைக் குமுதமும் மேலே பட்டிகை என்ற தட்டையான விளிம்பும் என்றால் பாதபந்தம். குமுதம் உருண்டு, மேலே யாளி வரிசை ஓடினால் பிரதிபந்தம். இது வகையைத்தான் சொல்லும், காலத்தை அல்ல. ஜகதியே கண்ணில் படாமல் குமுதம் தரையில் உட்கார்ந்திருந்தால், பிரகாரத்தை உயர்த்திக் கல் பாவியிருக்கிறார்கள் என்று பொருள். கருவறையின் அபிஷேக நீர் வெளியேறும் வடபுறத்துக் கோமுகியைப் பாருங்கள்: கணுக்கால் உயரத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவரடியிலேயே தேங்கும்.

கல்வெட்டு இருந்தால் காலம் உறுதி என்பார்கள். அங்கேதான் வழுக்கும். திருக்கோடிகாவலில் சோழ அரசி செம்பியன் மாதேவி கற்றளி எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர் காலச் சாசனங்களைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். ‘இதுவுமொரு பழங்கற்படி’, அதாவது இதுவும் பழைய கல்லின் நகல், என்ற குறிப்பும் உண்டு. ஆக, அரசன் பெயர் பல்லவனுடையது, சுவர் சோழர் காலத்தது. பிற்காலத் திருப்பணிகளில் இந்த நேர்மை இல்லை. பிரித்த கல்லை வரிசை மாற்றி அடுக்க, வரி பாதியில் அறுந்து நிற்கும், சில கற்கள் தலைகீழாகவே இருக்கும். மணல் வீசிச் சுத்தம் செய்த சுவரில் அதுவும் மிஞ்சாது. எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான்.

படிக்க ஏற்றது காலை, மாலைச் சாய்வெயில். எழுத்துக் குழியில் நிழல் விழும். உச்சிவெயிலில் அதே சுவர் வெறுமையாகத் தெரியும். தெரியவில்லை என்று சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போதும்.