கையில காசு, வாயில தோசை: ஒரு வேகாஸ் நாட்குறிப்பு

ஜூலை 3, 2024, புதன்

காலை ஐந்து மணிக்கு சான் ஹோசேயில் கிளம்பியது. பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு காபி, பார்ஸ்டோவில் ஒரு பெட்ரோல், மாலை மூன்றரைக்கு லாஸ் வேகாஸ். வண்டியை ஓட்டியது நான், வழி நெடுகப் பேசியது அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மதுரைக்காரர். பத்து வருடமாக ஒரே அபார்ட்மென்ட் வளாகம். போக்கர் சீட்டாட்டத்தில் அவர் டோர்னமென்ட் ஆள், நான் கேஷ் ஆள். இது ஏதோ சைவம், அசைவம் மாதிரி எங்களுக்குள் தீராத சண்டை.

ஆடாதவர்களுக்காக ஒரு பத்தி. கேஷ் டேபிளில் சிப் என்பது காசு. ஐந்து டாலர் சிப் ஐந்து டாலர்தான். நினைத்தபோது உட்காரலாம், நினைத்தபோது எழுந்து போகலாம், தீர்ந்தால் பையிலிருந்து நோட்டை எடுத்து வைக்கலாம். டோர்னமென்ட்டில் கட்டணம் கட்டியதும் எல்லோருக்கும் ஒரே அளவு சிப் தருவார்கள். அதை எந்தக் கவுன்ட்டரிலும் மாற்ற முடியாது. பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். சிப் தீர்ந்தால் நடையைக் கட்டவேண்டியதுதான். நூறு பேர் ஆடினால் பதினைந்து பேருக்குப் பணம் கிடைக்கும், அதிலும் பெரும்பகுதி முதல் நாலைந்து பேருக்குப் போய்விடும்.

மொஹாவி பாலைவனத்தின் நடுவில் ஒப்பந்தம் ஆனது. நான் இரண்டு டோர்னமென்ட் ஆடவேண்டும், அவர் ஒரு ராத்திரி என்னோடு கேஷில் உட்காரவேண்டும். டோர்னமென்ட்டில் யாருக்கு எது விழுந்தாலும் அதில் ஐந்து சதவீதம் மற்றவருக்கு. டோர்னமென்ட்காரர்களிடம் இந்தப் பங்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் சாதாரணம். கேஷ் டேபிளில் பக்கத்தில் இருப்பவரோடு இப்படிப் பங்கு வைத்துக்கொண்டால் கூட்டுக் களவாணித்தனம் என்று சந்தேகப்படுவார்கள்.

ஜூலை 4, வியாழன்

அமெரிக்க சுதந்திர தினம். ஊரே வெடி போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் பழைய ஊர்ப்பக்கம், ஃப்ரீமான்ட் தெருவுக்குப் போனோம். பின்னியன்ஸ் ஹார்ஸ்ஷூ கசினோ இருந்த இடத்தை அண்ணன் கோயில் மாதிரி காட்டினார். போக்கரின் உலகப் போட்டியான வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் 1970-இல் இங்கேதான் தொடங்கியது.

அவருக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தை நான் சொல்லிவிட்டேன். அந்த முதல் வருடம் டோர்னமென்ட்டே கிடையாது! பெரிய கைகள் கூடி கேஷ் ஆடினார்கள், கடைசியில் ஓட்டுப் போட்டு ஜானி மாஸ்தான் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருடம்தான் ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, எல்லாச் சிப்பும் ஒருவரிடம் சேரும்வரை ஆடுவது என்று மாற்றினார்கள். அதையும் மாஸே ஜெயித்தார்.

“ஓட்டுப் போட்டா எவன் தம்பி பார்ப்பான்? ஜெயிச்சவன், தோத்தவன்னு இருந்தாத்தான கதை” என்றார் அண்ணன். அதுவும் சரிதான். கேஷில் முடிவு என்று ஒன்று கிடையாது, பேப்பர்காரனுக்கு எழுத ஒன்றும் இருக்காது. டோர்னமென்ட்டில் ஒரு ஆள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

ஜூலை 5, வெள்ளி

என் முதல் டோர்னமென்ட். 400 டாலர் கட்டணம், 214 பேர், 32 பேருக்குப் பணம். காலை பதினொன்றுக்குத் தொடங்கியது. கையில் 25,000 சிப். சின்ன பிளைண்ட் 100, பெரிய பிளைண்ட் 200. அதாவது 125 பெரிய பிளைண்ட். கேஷில் நான் உட்காரும் அளவும் ஏறக்குறைய இதுதான் என்பதால் முதல் இரண்டு மணி நேரம் சொந்த வீடு மாதிரி இருந்தது.

அப்புறம் தரை நகர ஆரம்பித்தது. அரை மணிக்கு ஒரு முறை பிளைண்ட் ஏறுகிறது. நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை, சிப்பும் கூடித்தான் இருக்கிறது, ஆனாலும் ஏழையாகிக்கொண்டே போகிறேன். இரவு ஏழு மணிக்கு பிளைண்ட் 4,000-8,000, மேலே 8,000 ஆன்ட்டி என்ற இன்னொரு கட்டாயப் பந்தயம். என்னிடம் 1,10,000. எண்ணிப் பார்த்தால் பதினாலு பிளைண்ட்கூட இல்லை. மேசையை ஒரு சுற்று சுற்றினால் 20,000 தானாகப் போய்விடும். மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டான ஃப்ளாப் பார்த்து, நாலாவதான டர்ன் பார்த்து, எதிராளியைப் படித்து ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் அங்கே இடமே இல்லை. ஒன்று ஆல்-இன், இருப்பதை மொத்தமாகத் தள்ளுவது. இல்லையென்றால் ஃபோல்டு, சீட்டை எறிந்துவிடுவது.

34 பேர் மிச்சம். இன்னும் இரண்டு பேர் போனால் எல்லோருக்கும் பணம். இதைத்தான் பபிள் என்பார்கள். எல்லாரும் ஃபோல்டு செய்ய, என் வலது பக்கம் சின்ன பிளைண்டில் இருந்த சிப் மலைக்காரர் ஆல்-இன். என் கையில் இருந்த இரண்டு சீட்டு ஏஸும் 9-ம். அவர் அந்த இடத்தில் எதை வைத்துக்கொண்டும் தள்ளுவார் என்று ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூற்றுக்கு ஐம்பத்தைந்தாவது நம் பக்கம் என்று கணக்குப் போட்டேன். கேஷில் ஐம்பத்தைந்து கிடைத்தால் விடியும் வரைக்கும் கால் பண்ணலாம், அதாவது எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்கலாம். பண்ணினேன்.

அவரிடம் ராஜாவும் 10-ம். நான் நினைத்தது சரி, நான்தான் முன்னால். ஃப்ளாப்பிலேயே 10 வந்தது, அவருக்கு ஜோடி. எழுந்தேன். டீலர் “குட் லக்” என்றார். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 5, நள்ளிரவு தாண்டி

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அவனவன் மூணு பிளைண்டை வெச்சுக்கிட்டு உயிரைக் கையில பிடிச்சு உக்காந்திருக்கான். நீ பதினாலு வெச்சுக்கிட்டு எதுக்குப்பா குதிச்ச?”

பர்கர் வந்த காகித நாப்கினில் ஒரு கணக்கு எழுதிக் காட்டினார். நாலு பேர் மிச்சம், நாலு பேரிடமும் சமமான சிப். பரிசு 50, 30, 20. நாலாவது ஆளுக்கு ஒன்றுமில்லை. இப்போது ஒவ்வொருவரின் மதிப்பு 25. ஒருவன் மொத்தத்தையும் தள்ளுகிறான், நீ கால் பண்ணி ஜெயிக்கிறாய். உன்னிடம் பாதிச் சிப். முதலிடம் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. பெருக்கிக் கூட்டினால் 38 சொச்சம். சிப் இரட்டிப்பு ஆயிற்று, பணம் இரட்டிப்பு ஆகவில்லை. தோற்றால் 25 போகும், ஜெயித்தால் 13 சேரும். ஆக ஐம்பது சதவீதம் போதாது, அறுபத்தைந்தாவது வேண்டும்.

ஐசிஎம் (இன்டிபென்டன்ட் சிப் மாடல்) என்று இதற்குப் பெயர். கேள்விப்படாதவன் இல்லை நான். ஆனால் எட்டு வருடமாக 'லாபம் இருந்தால் போடு' என்று பழகிய கை, மூளைக்கு முன்னால் போய்விட்டது. அந்தச் சிப் மலைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். நாங்கள் ஃபோல்டு செய்தாகவேண்டும் என்று தெரிந்துதான் தள்ளிக்கொண்டே இருந்தார். பபிளில் அவர் சம்பாதித்தது நல்ல சீட்டால் அல்ல, எங்கள் பயத்தால். நாப்கினைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். அதில் கெட்சப் கறை.

ஜூலை 7, ஞாயிறு

வெளியே 120 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் கிட்டத்தட்ட 49. இந்த ஊர் சரித்திரத்திலேயே இதுதான் உச்சம் என்று டிவியில் சொல்கிறார்கள். கார் கைப்பிடியைத் தொட முடியவில்லை. பகல் முழுக்க அறையிலேயே கிடந்து, பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி வாக்குவாதம்.

அண்ணனின் தெய்வம் ஸ்டூ உங்கர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை வேர்ல்டு சீரிஸின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டை ஜெயித்தவர். கடைசி வெற்றிக்கு அடுத்த வருடமே இதே ஊரில் ஒரு மலிவு மோட்டலில் கையில் சில நூறு டாலர் மட்டும் மிஞ்ச இறந்துபோனார். போதைதான் காரணம், டோர்னமென்ட் அல்ல. அண்ணன் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். என் ஆள் சிப் ரீஸ். ஸ்டான்ஃபோர்டில் படிக்கப் போகும் வழியில் வேகாஸில் இறங்கி, அப்படியே தங்கிவிட்டவர். டோர்னமென்ட் பக்கம் அதிகம் தலைகாட்டாமல் பெரிய கேஷ் ஆட்டங்களிலேயே வாழ்க்கையை ஓட்டினார். 2006-இல் 50,000 டாலர் கட்டணத்தில் பல வகை போக்கரும் கலந்த ஹார்ஸ் டோர்னமென்ட் முதன்முதலாக வந்தபோது உட்கார்ந்தார், ஜெயித்தார். அடுத்த வருடம் காலமானார். அந்த வகைப் போட்டியின் கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான். ரீஸைத் தெரியாதவர்கள் உங்கரைத் தெரியாதவர்களைவிட அதிகம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரவு எட்டுக்கு அண்ணன் வாக்கைக் காப்பாற்றினார். பிளைண்ட் 1, 3 டாலர் உள்ள கேஷ் டேபிள், 500 டாலரோடு என் எதிரில். முதல் ஒரு மணி நேரம் துடிப்பாகத்தான் ஆடினார். பிறகு ஏஸும் ராஜாவும் வந்தது. பந்தயத்தை 15-க்கு ஏற்றினார், ரெய்ஸ். மூலையில் நீல நிற பேஸ்பால் தொப்பி போட்ட பெரியவர் மட்டும் கால். ஃப்ளாப் ராஜா, 8, 5. அண்ணன் 20, பெரியவர் கால். டர்னில் 2. அண்ணன் 50 வைத்தார். பெரியவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு 160 என்றார்.

அந்தப் பெரியவர் இரண்டு மணி நேரத்தில் ஒரு ரெய்ஸ்கூடச் செய்யவில்லை. காபியைக் கீழே வைத்த அந்த நொடியிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாயைத் திறக்க முடியாது, ஆட்ட விதி. அண்ணன் யோசிக்கவே இல்லை. “ஆல்-இன்.” பெரியவர் ஏதோ மன்னிப்புக் கேட்பது போல இரண்டு 5-ஐத் திருப்பினார். ஃப்ளாப்பில் இருந்ததோடு சேர்த்து மூன்று 5.

“இந்தக் கையை டோர்னமென்ட்ல கீழ வெச்சா சிரிப்பாங்கப்பா” என்றார் அண்ணன் பின்னால். உண்மை. இருபது பிளைண்ட் இருக்கும்போது ஒரு ராஜா ஜோடி கிடைத்தால் அது புதையல். 160 பிளைண்ட் ஆழத்தில் மொத்தமும் உள்ளே போகிறது என்றால் அந்த ஜோடி வெறும் ஜோடிதான். அவர் நாள் கணக்கில் ஆடினாலும் அவ்வளவு சிப்பை எதிரில் வைத்துக்கொண்டு டர்னும், கடைசிச் சீட்டான ரிவரும் ஆடும் சந்தர்ப்பம் குறைவு. எனக்கு அதுதான் தினப்படி.

அதைவிட எனக்குப் பட்டது வேறு. தோற்றதும் அவர் கை தானாகப் பர்ஸுக்குப் போனது. தடுத்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன். கேஷில் எழுந்து போகத் தெரிவதும், எந்த மேசையில் உட்காருவது என்று தெரிவதும்தான் பாதித் திறமை. டோர்னமென்ட்டில் குலுக்கலில் எந்த இடம் விழுகிறதோ அங்கே உட்காரவேண்டும், எழுந்து போக வழியில்லை. அதனால் அவருக்கு அந்தத் தசையே வளரவில்லை.

ஜூலை 8, திங்கள்

இரண்டாவது டோர்னமென்ட். ஒன்றரை மணி நேரம். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 10, புதன்

மெயின் ஈவென்ட்டில் இந்த வருடம் 10,112 பேர். இதுவரை இல்லாத கூட்டம். கட்டணம் 10,000 டாலர், அதில் 9,300 பரிசுக்குப் போகிறது, முதல் பரிசு ஒரு கோடி டாலர். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், ஆட முடிந்தால் இதை ஆடுவேன். ஆரம்பத்திலேயே 60,000 சிப், அதாவது 300 பெரிய பிளைண்ட். ஒவ்வொரு பிளைண்ட் நிலையும் இரண்டு மணி நேரம். முதல் இரண்டு நாள் கேஷ் மாதிரியே ஓடும்.

அண்ணன் இன்று ஒரு 600 டாலர் டோர்னமென்ட்டில் பபிளைத் தாண்டினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கையும் முடிந்ததும் டீலர்கள் எழுந்து நின்றார்கள், எல்லா மேசையும் முடியும்வரை அடுத்த கை கிடையாது. அண்ணன் சீட்டைப் பார்ப்பதும் தூக்கி எறிவதுமாக இருந்தார். இரண்டு ராணியைக்கூட எறிந்தாராம், முன்னால் இரண்டு பேர் ஆல்-இன். நானாக இருந்தால் செத்தாலும் எறிந்திருக்க மாட்டேன். பணம் உறுதியானதும் வேறு மனிதராகிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். “இனிமே பயந்தா பிரயோஜனமில்ல, காசெல்லாம் மேலதான் இருக்கு” என்று இடைவேளையில் சொன்னார். ஒன்பதாவது இடம். 2,300 டாலர்.

பத்து நிமிடம் கழித்து வரிசையில் நின்று பணம் வாங்கினார். லாபம் 5,000-ஐத் தாண்டியிருந்தால் கசினோவே வரித் துறைக்குப் படிவம் அனுப்பியிருக்கும். என் கேஷ் லாபத்துக்குப் படிவம் இல்லை, நோட்டுப் புத்தகம்தான். வரி மட்டும் இருவருக்கும் உண்டு.

ஜூலை 11, வியாழன்

கிளம்பும் முன் இருவரும் கணக்குப் பார்த்தோம். நான் கேஷில் 31 மணி நேரம், 612 டாலர் லாபம். இரண்டு டோர்னமென்ட்டில் 800 நஷ்டம். அண்ணன் ஐந்து டோர்னமென்ட், ஒன்றில் மட்டும் பணம். கேஷில் போன 500-ஐயும் கழித்தால் அவரும் கீழேதான். ஆனால் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அந்த ஒன்பதாவது இடத்தை இன்னும் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருப்பார். என் 612-ஐ நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பேக்கர் ஊரில் வண்டியை நிறுத்தியபோது நூறு டாலர் நோட்டை நீட்டினார். 2,300-க்கு ஐந்து சதவீதம் 115.

“மீதி பதினஞ்சு?”

“டீலருக்கு டிப்ஸ் வெச்சேன்ல, அதுல உன் பங்கு.”

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பெட்ரோலுக்கு அவரையே போடச் சொன்னேன்.