உளவியல் முதுநிலைப் படிப்பு: கட்டணத்தை ஒப்பிட்ட அனுபவம்

என் தங்கை 2025ஆம் ஆண்டு இளநிலை உளவியலின் கடைசிப் பருவத்தில் இருந்தபோது, உளவள ஆலோசனையிலோ பயன்பாட்டு உளவியலிலோ எம்.எஸ்சி. படிக்க விரும்பினாள். எங்கள் வீட்டு வருமானத்தில் அவளை எங்கே சேர்க்க முடியும் என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

கல்லூரிகள் அறிவிக்கும் பருவக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. சேர்க்கைக் கட்டணம், காப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், விடுதி, உணவு ஆகிய அனைத்தையும் நான்கு பருவங்களுக்கும் சேர்த்து எழுதியபோது, மலிவாகத் தோன்றிய சென்னைக் கல்லூரி ஒன்று அறை வாடகையின் காரணமாகவே எங்களுக்கு எட்டாததாகிவிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது களப்பயிற்சிச் செலவு. ஆலோசகராக விரும்புபவர் மருத்துவமனையிலோ பள்ளியிலோ போதை மீட்பு மையத்திலோ பயிற்சி பெற்றாக வேண்டும்; அதற்கு உதவித்தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை, சில இடங்களில் மாணவரே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. நாங்கள் பார்த்த தகவல் கையேடுகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே துறை அலுவலகங்களை அழைத்ததோடு, இரண்டாம் ஆண்டு மாணவிகள் சிலரிடமும் பேசினோம். பயிற்சி இடத்தைத் துறையே ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எங்கள் பட்டியலை மாற்றி அமைத்தது.

திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பயன்பாட்டு உளவியலில் முதுநிலைப் படிப்பை நடத்துகின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால், நாங்கள் ஒப்பிட்ட தனியார் நிறுவனங்களைக் காட்டிலும் அங்கே கட்டணம் வெகுவாகக் குறைவு. ஆனால் சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வான க்யூட் முதுநிலைத் தேர்வு (CUET-PG) வழியாக நடைபெறுகிறது. 2025இல் அதற்கான விண்ணப்பம் ஜனவரியில் தொடங்கியது, தேர்வு மார்ச்சில் ஆரம்பமானது. பட்டப்படிப்பின் முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அந்தக் கதவு முன்னரே மூடிவிடுகிறது. சிறு நகரக் கல்லூரிகளில் இதைச் சொல்ல ஆளில்லாமல் போவது எனக்குப் பெரும் வேதனை.

உறவினர் பலர் அஞ்சல் வழிப் படிப்பையே பரிந்துரைத்தனர். வேலை பார்த்துக்கொண்டே குறைந்த செலவில் முடிக்கலாம் என்பது அவர்கள் கருத்து. ஆனால் 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, 2021ஆம் ஆண்டின் தேசிய இணைச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் உளவியல் உள்ளிட்ட படிப்புகளை, அந்தக் கல்வியாண்டு முதல் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று அறிவித்தது. நேரடிப் பயிற்சியின்றி இத்தொழிலைக் கற்க இயலாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் வசதியற்றவர்களுக்கு இருந்த மலிவான வழி அடைபடும்போது, நேரடிப் படிப்பில் அதற்கு ஈடாக இடங்களைக் கூட்டியிருக்க வேண்டும்.

செலவை ஒப்பிடும்போது பட்டத்தால் என்ன செய்ய முடியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தோம். உளவள ஆலோசனையிலோ பயன்பாட்டு உளவியலிலோ பெறும் முதுநிலைப் பட்டம் மட்டும் இருந்தால், மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு செய்ய முடியாது. அதற்கு அக்கழகம் அங்கீகரித்த தனிப் பயிற்சி தேவை. அந்த எண்ணம் இருப்பவர் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே கையிருப்பு முழுவதையும் செலவழிப்பது சரியல்ல என்று கருதினோம்.

கல்விக் கடனையும் விசாரித்தோம். வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் செலவில் ஒரு பகுதியை நம் கையிலிருந்து போடும்படி கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த வட்டியையும் ஒவ்வொரு கல்லூரியின் மொத்தத்தோடு கூட்டியபோது தனியார் கல்லூரிகளுக்கும் திருவாரூருக்கும் இருந்த இடைவெளி இன்னும் விரிந்தது. தங்கை நுழைவுத்தேர்வு எழுதித் திருவாரூரில் சேர்ந்தாள். விடுதிச் செலவுக்கு மட்டும் சிறு கடன் வாங்கினோம்.