மூன்று கிலோமீட்டருக்கு 35 டாலர், அப்புறம் காலிங்வுட்

முதலில் இந்தக் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். மெல்பர்னில் விக்டோரியா பார்க் ஸ்டேஷனிலிருந்து எம்சிஜி மைதானம் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். நடந்தால் நாற்பது நிமிடம். எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பஸ் விட்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்ற பிறகு வந்த ஒரே பஸ்ஸும் கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் போட்டவர்களால் பிதுங்கி வழிந்து, நிற்காமலே போய்விட்டது. மேட்ச் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் ஒரு டாக்ஸியில் ஏறிவிட்டேன். மீட்டர் போடாமல், "மேட்ச் நாள், 35 டாலர்" என்றார். நம் பணத்தில் கிட்டத்தட்ட 2,000 ரூபாய்! என் மேட்ச் டிக்கெட்டே அதைவிடக் குறைவு. அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து நடந்தே போய்விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்க்கப் போனது காலிங்வுட், கார்ல்டன் என்ற இரண்டு மெல்பர்ன் அணிகள் மோதும் ஃபூட்டி. ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பக்கத்துக்கு 18 பேர், கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வட்டம், தலையில் ஹெல்மெட் இல்லை, தோளில் பேட் இல்லை. நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் ஆறு பாயிண்ட், அதுதான் கோல்; ஓரத்தில் போனால் ஒன்று. இது போதும், மீதியைப் பத்து நிமிடத்தில் கண்ணே பழகிக்கொள்கிறது.

காலையில் விக்டோரியா பார்க்குக்குப் போனதற்குக் காரணம் உண்டு. காலிங்வுட்டின் பழைய சொந்த மைதானம் அது. 1892 முதல் அங்கே ஆடினார்கள், 1999இல் கடைசி லீக் ஆட்டம். இப்போது யார் வேண்டுமானாலும் புல்லில் நடக்கலாம், கட்டணம் இல்லை. நான் போனபோது இரண்டு நாய்களும் ஒரு பாட்டியும் மட்டும். பழைய ஸ்டாண்டின் மரப் பெஞ்சைத் தடவிப் பார்த்தேன், தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்து வழவழவென்று இருந்தது. சுற்றிலும் ஒட்டி ஒட்டிச் சின்ன வீடுகள். இன்று கோடிக்கணக்கில் விலை போகிறது, ஒரு காலத்தில் செருப்புத் தொழிற்சாலைக் கூலிகள் இருந்த தாழ்வான பகுதி. ஃபூட்டிக்கான ஷெர்ரின் பந்தைத் தைத்த பட்டறையும் காலிங்வுட்டில்தான் இருந்தது. 1927 முதல் 1930 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள் இவர்களுக்கு, இன்றுவரை வேறு யாரும் நான்கைத் தொடர்ச்சியாக எடுத்ததில்லை. வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மைதானத்தில் இன்னொன்றும் நடந்தது. 1993 ஏப்ரலில் செயின்ட் கில்டா அணியின் பழங்குடி வீரர் நிக்கி வின்மர், நாள் முழுக்கக் கூட்டத்திடமிருந்து நிறத்தைச் சொல்லி வசவு வாங்கி, ஜெயித்து முடித்ததும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நின்று ஜெர்ஸியைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக் காட்டினார். நான் அந்தப் புல்லில் நின்றபோது என் கையையும் பார்த்துக்கொண்டேன். இத்தனை முரட்டுக் கதைகள் உள்ள விளையாட்டில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய தைரியம் அந்த மனிதர் அங்கே நின்றது. காலிங்வுட்டை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், நல்லவேளையாக என் பக்கத்து ஸீட்காரர் சொன்னார்.

பக்கத்து ஸீட்காரர் என்றால், அறுபத்தைந்து வயதிருக்கும், காலிங்வுட்டின் கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப். அவருக்கு அந்தப் பக்கம் கார்ல்டன் நீலத் தொப்பி போட்ட இன்னொரு பெரியவர். இரண்டு பேரும் முதல் கால்பகுதி முழுக்க ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தார்கள். எதிரணிக்காரர்கள் காலிங்வுட் ரசிகர்களைப் பல்லில்லாதவர்கள், ஜெயிலில் இருந்து வந்தவர்கள் என்று கிண்டல் செய்வது ஊரறிந்த பழக்கம், முன் வரிசையில் ஒரு பையன் அதையே கத்தினான். எனக்குச் சுருக்கென்றது. பல் டாக்டருக்குக் காசில்லாத கூலித் தொழிலாளியின் பேத்தியைப் பார்த்துச் சிரிப்பது என்ன நகைச்சுவை? காலிங்வுட் முரட்டு டீம் என்ற பெயரில் பாதி அந்தத் தெருவின் ஏழ்மைக்கு மேட்டுத் தெரு வைத்த பெயர். கார்ல்டனோ முன்னாள் பிரதமர் மென்சீஸ் ஆதரித்த டீம், இன்னொரு முன்னாள் பிரதமர் ஃப்ரேசர் ஆதரித்த டீம். அவர்களைக் கனவான்கள் என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் 'ரத்தக் களரி' என்று இன்றும் பெயர் சொல்லும் 1945 இறுதிப் போட்டியில் இருந்தது யார்? கார்ல்டனும் சவுத் மெல்பர்னும்! எம்சிஜி ராணுவத்தின் வசம் இருந்ததால் கார்ல்டனின் சொந்த மைதானமான பிரின்சஸ் பார்க்கில் நடந்தது, சுமார் 63,000 பேர் பார்த்தார்கள், ஜெயித்த கார்ல்டனின் கேப்டன் பாப் சிட்டிக்கு 8 வாரத் தடை. இதை நான் வாயெடுத்ததும் நீலத் தொப்பிக்காரர், "அது தற்காப்பு" என்றார்.

இடைவேளையில் பக்கத்து ஸீட்காரரிடம் 1970இல் காலிங்வுட்டும் கார்ல்டனும் மோதிய இறுதிப் போட்டி பற்றிக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதோ என்று ஒரு நொடி பட்டது. அந்த இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் 1,21,696 பேர், அந்த எண்ணிக்கை இன்னும் முறியடிக்கப்படவில்லை. காலிங்வுட் பாதி ஆட்டத்தில் 44 பாயிண்ட் முன்னிலை. அப்போது இவருக்கு வயது பத்து, அப்பாவின் தோளில். செருப்புக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா பாதி ஆட்டத்திலேயே கை கொடுத்துக் கொண்டாட ஆரம்பித்துவிட்டாராம். அப்புறம் கார்ல்டன் கோச் ரான் பராசி கையால் பந்தைத் தட்டித் தட்டி வேகமாக ஆடச் சொல்ல, பெஞ்சிலிருந்து வந்த டெட் ஹாப்கின்ஸ் நான்கு கோல் அடிக்க, கார்ல்டன் 10 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தது. "வீடு வரைக்கும் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்." ஐம்பது வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நீலத் தொப்பி அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை, ஃப்ளாஸ்க்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது கால்பகுதியில் ஒன்றைப் பார்த்தேன். உயரமாக வந்த பந்தை ஒரு காலிங்வுட் பையன் பின்னோக்கி ஓடியபடியே, கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல், எதிரே முழு வேகத்தில் இருவர் வருவது தெரிந்தும் எழும்பினான். முட்டி விலாவில் இறங்கிய சத்தம் என் வரிசை வரை கேட்டது. பந்தை விடவில்லை. பக்கத்தில் இரண்டு பெரியவர்களும் சேர்ந்தே எழுந்து நின்று கை தட்டினார்கள். தலையைப் பார்த்து அடிப்பதை வீரம் என்று பழைய ரசிகர்கள் சிலர் இன்னும் பேசுகிறார்கள், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அடி வாங்கி அடி வாங்கி மூளை கெட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள், அப்படி ஒரு வீரர் ஷேன் டக் 38 வயதில் போனார்.

சாப்பாடு: நார்த் ரிச்மண்ட் விக்டோரியா தெருவில் வியட்நாம் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே ஒரு பெரிய கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சாப்பிட்டால் மறுநாள் காலை வரை பசிக்காது. மைதானத்துக்குள் வாங்கும் இறைச்சிப் பை பர்ஸுக்கு வேட்டு, ஆனால் குளிரில் கை சுட அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதை நான் வருத்தமாகச் சொல்ல மாட்டேன். நகர மையத்தில் டிராம் இலவசம், மறக்காதீர்கள்.

கார்ல்டன் தோற்றது. எழுந்து போகும்போது அவர்கள் இருவரும் பல வருஷமாக ஒன்றாகத்தான் வருகிறார்களா என்று கேட்டேன். நீலத் தொப்பி சிரித்தார். "என் தங்கையைக் கட்டியிருக்கிறான், வேறு யாரோடு வருவது?" மச்சான்கள்! திரும்பவும் திட்டிக்கொண்டே ஜோலிமான்ட் பக்கம் போனார்கள். நான் பாலத்தைத் தாண்டி, கூட்டத்தோடு கூட்டமாக, நகரம் வரைக்கும் நடந்தேன்.