பரன் பாறைத் தடங்கள்: ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 26, கோர்ட்லெக்கா நாற்சந்தி

இரண்டு நாளாக மழை இல்லை. பாறை உலர்ந்து வெளுத்துக் கிடக்கிறது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், பரன் தேசியப் பூங்காவில் எந்தத் தடத்தில் நடப்பது என்று முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது இந்த உலர்வைத்தான். தூரமெல்லாம் அப்புறம்.

நாற்சந்தியிலிருந்து புறப்படும் தடங்களை நிற அம்புகளால் பிரித்திருக்கிறார்கள். பச்சை அம்பைப் பிடித்தால் முல்லாமோர் குன்றின் மேல் வரை போய் அதே வழியில் திரும்பலாம், சுமார் 6.5 கி.மீ. நீல அம்பு குன்றின் மறுபுறமாக இறங்கிச் சுற்றி வருகிறது, சுமார் 7.5 கி.மீ. 200 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத குன்றுதானே என்று ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. நீலத்துக்கு 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால்தான் நேரம் ஓடுகிறது.

பனியுகத்தில் பனிப்பாறைகள் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சிய சுண்ணாம்புப் பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசல்களில் மழைநீர் இறங்கியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த அந்த நீர் லேசான அமிலம்; கல்லைக் கரைத்துக் கரைத்து விரிசலை அகலமாக்கியது. இப்போது தரை முழுக்கக் கற்பலகைகள், நடுநடுவே பிளவுகள். பலகைக்குக் கிளின்ட் என்றும் பிளவுக்கு கிரைக் என்றும் பெயர். சில கிரைக்குகளில் ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

நடக்கும் முறை: பாதத்தைப் பலகையின் நடுவில் வையுங்கள். விளிம்பில் வைத்தால் இரண்டு சிக்கல். ஒன்று, அடியில் பிடிப்பு அரிக்கப்பட்ட பலகை எடை ஏறியதும் ஆடும். இரண்டு, விளிம்பு கத்திபோல் இருப்பதால் மெல்லிய ஓட்டக் காலணியின் அடித்தளம் கிழியும். பிளவுகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுகின்றன. அந்த வாக்கிலேயே போனால் ஒரே பலகையில் பல அடி நடக்கலாம். கிழக்கு மேற்காகப் போனால் அடிக்கு ஒரு தாண்டல். கைத்தடியைப் பலகைப் பாறை வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். முனை கிரைக்குக்குள் இறங்கிச் சிக்கும், உடல் முன்னே போகும், தடி வளையும் அல்லது ஒடியும். மணிக்கட்டில் வார் மாட்டியிருந்தால் கையும் சேர்ந்து இழுபடும்.

மே 4, அதே இடம், மழைக்குப் பின்

நேற்று இரவு முழுக்கத் தூறல். போன வாரம் காகிதம்போல் காய்ந்து ஒட்டியிருந்த கரும்பொருக்குகள் இன்று ஊதி, கூழ்க் கட்டியாகக் கிடக்கின்றன. நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசி இது. இதன்மேல் கால் பட்டால் எவ்வளவு விலையுயர்ந்த காலணியும் நிற்காது. வெள்ளை, சாம்பல் நிறத் திட்டுகள் பாறைப்பூ (லைக்கன்). காய்ந்திருக்கும்போது அவை சொரசொரப்பாக நல்ல பிடிப்புத் தரும், ஈரத்தில் அவையும் வழுக்கும். மழை விட்டுக் காற்று அடித்தால் திறந்த மேல்தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் நிழலில் இருக்கும் படிக்கட்டுப் பாறைகள் மாலைவரை ஈரமாகவே இருக்கும், இறங்கும்போது கால் வைக்க வேண்டியதோ அங்கேதான்.

முல்லாமோர் படிப்படியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கெட்டியான சுண்ணாம்பு அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய களிமண் பட்டைகள் இருக்கின்றன. நீர் அந்தப் பட்டையைத் தாண்டி இறங்க முடியாமல் பக்கவாட்டில் கசிந்து, அரித்து, மேலே இருக்கும் கல்லைக் குட்டை மதிலாக விட்டுவிடுகிறது. இந்த மதில்களில் இறங்க அம்பு காட்டும் இடைவெளியைத் தவிர வேறு எதையும் முயல வேண்டாம். மேலிருந்து பார்த்தால் அடுத்த படி தெரியும், நடுவிலுள்ள சுவர் தெரியாது. குதித்து இறங்கிய பிறகு கீழேயும் வழியில்லை, திரும்பி ஏறவும் முடியவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

நீல நிற ஸ்பிரிங் ஜென்ஷன் இப்போது பூத்திருக்கிறது. பக்கத்திலேயே வெள்ளை மவுண்டன் ஏவன்ஸ். படம் எடுக்கப் புல்லில் மண்டியிடும் முன் கையால் தடவிப் பாருங்கள்: புல்லுக்கு அடியில் பிளவு இருக்கலாம்.

மே 18, ஸ்லீவ் காரன்

மலை 326 மீட்டர். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, பாறைவெளியைக் கடந்தால் ஹேசல் என்ற குட்டை மரங்களின் காடு. காட்டுக்குப் பின்னால் ஈகிள்ஸ் ராக் என்ற செங்குத்துச் சுண்ணாம்பு முகம். காட்டுக்குள்ளே 7-ஆம் நூற்றாண்டுத் துறவி கோல்மன் மெக்டூவா தங்கியதாகச் சொல்லப்படும் குகை, புனிதக் கிணறு, இடிந்த சிறு தேவாலயம். தூரம் சொற்பம். அதனாலேயே சாதாரணச் செருப்போடு வருகிறார்கள்.

என் கணக்கில் பரனிலேயே கணுக்காலுக்கு மிக மோசமான இடம் இந்தக் காடுதான். திறந்த பாறையில் பிளவு கண்ணுக்குத் தெரியும். இங்கே மலைமுகத்திலிருந்து விழுந்த கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அவற்றின்மேல் தடித்த பாசி மெத்தை போர்த்தியிருக்கிறது. பாசி எடை தாங்காது. அதன் அடியில் கல் இருக்கிறதா, பொந்து இருக்கிறதா என்று மேலிருந்து சொல்லவே முடியாது. எனவே மிதிபட்டு மண் தெரியும் தடத்தை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. மடித்து வைத்த கைத்தடியை இங்கே வெளியே எடுக்கலாம், ஊன்ற அல்ல, முன்னால் குத்திப் பார்க்க. பிடிமானத்துக்கு ஹேசல் தண்டைப் பற்றும் முன் இலை இருக்கிறதா பாருங்கள். பட்டுப்போன தண்டும் பாசி போர்த்தி உயிருள்ளதுபோலவே நிற்கும், இழுத்ததும் முறியும்.

மலைமுகத்துக்கு நேர் அடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். உறைபனிக்குப் பின் விரிசலில் நீர் உருகும் நாட்களில் கல் உதிரும். மேலே போக ஆசையிருந்தால் காட்டிலிருந்து நேராகப் பாறையைப் பிடித்து ஏறாமல், திறந்தவெளிக்குத் திரும்பிக் குறியிட்ட சுற்றுவழியைப் பிடியுங்கள். கைப்பேசி வரைபடத்தை நம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: செங்குத்துப் பாறையில் செயற்கைக்கோள் சமிக்ஞை பட்டுத் திரும்புவதால் நீலப் புள்ளி சில சமயம் இருக்கும் இடத்தை விட்டு எங்கோ தாவி நிற்கும். அம்புக்குறிகளையும் 1:50,000 அளவுத் தாள் வரைபடத்தையும் நம்புங்கள்.

மே 19

உண்ணி பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். ஹேசல் ஓரம், பிரேக்கன் என்ற பெரணிப் புதர், உயரமான புல் மூன்றிலும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணி ஏறும். நம்மூர் உண்ணிக் காய்ச்சல் வேறு, இங்கே உண்ணி பரப்புவது லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்று. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி நடங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நிதானமாக நேர் மேலே இழுக்க வேண்டும். நெருப்புச் சூடு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் சிவந்த வளையம் பரவினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்த நாளைச் சொல்லுங்கள்.

பிளாக்தார்ன் முள் விரல் மூட்டில் முறிந்து தங்கினாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே வீங்கும்.

ஜூன் 15

சூரியன் இரவு 10 மணிக்கு மேல்தான் மறைகிறது. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். மழை அத்தனையும் கல்லுக்குள் இறங்கிவிடுவதால் மலைமேல் ஓடை கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர் சுமந்து போங்கள். வழியில் தென்படும் ஊற்று எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மண் இல்லாத இடத்தில் வடிகட்டல் இல்லை. மேலே மாடு போட்டது விரிசல் வழியே அப்படியே கீழே வரும்.

கல்லடுக்கிக் குட்டிக் கோபுரமும் பொம்மைக் கல்மேடையும் கட்டுவதை நிறுத்தினால் நல்லது. ஒவ்வொரு கல்லைப் பெயர்க்கும்போதும் அதன் அடியில் நிழலும் ஈரமும் தேடி வளர்வது காய்ந்து போகிறது. மூடுபனியில் அதை வழிக்குறி என்று நம்பி நடப்பவரும் உண்டு.

அக்டோபர் 27

மாடுகளை மலைக்கு ஏற்றும் பருவம். வேறு இடங்களில் கோடையில் மலை, குளிர்காலத்தில் சமவெளி. இங்கே தலைகீழ். பாறை வெயிலின் சூட்டைத் தேக்கிவைக்கிறது, நீர் தேங்காததால் மாடு படுக்க உலர்ந்த இடமும் இருக்கிறது. குளிர்காலத்தில் மாடு புல்லை மேய்ந்துவிடுவதால்தான் வசந்தத்தில் சிறு பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. மேய்ச்சல் குறைந்த இடங்களில் ஹேசல் ஏறிப் பாறையை மூடிவிடும். ஆகவே மேய்ச்சல் நிலத்தின் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவரில் ஏறினால் சரியும். படிவழியைத் தேடிப் போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகாதீர்கள்.

டிசம்பர் 7

முல்லாமோர் அடிவாரத்தில் லாக் கேலான் ஏரிப் பக்கம் டர்லாக் நிரம்பிவிட்டது. டர்லாக் என்பது நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது பாறைத் துளைகள் வழியே கீழிருந்து நிரம்பி, பிறகு அதே வழியில் வடியும் ஏரி. மழை நின்ற பிறகும் சில நாள் ஏறிக்கொண்டே இருக்கலாம் என்பதால் 'இன்று வெயில்தானே' என்ற நியாயம் செல்லாது. கற்களிலும் சுவர்களிலும் கறுப்புப் பாசி எந்த உயரம் வரை படிந்திருக்கிறதோ, வழக்கமான குளிர்கால வெள்ளம் அந்த உயரம் வரை வரும். அந்தக் கோட்டுக்குக் கீழே தடம் நீரில் மூழ்கியிருந்தால் இறங்கிக் கடக்க முயலாதீர்கள்: அடியில் இருப்பதும் பிளவுள்ள அதே பாறைதான்.

ஈர நாட்களுக்கு மாற்று, வடக்கே கால்வே மாவட்டத்துக் கூல் பார்க். அங்கிருந்த ஐரிஷ் நாடகாசிரியை லேடி கிரெகரியின் வீடு 1941-இல் இடிக்கப்பட்டுவிட்டது. கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோர் பெயரெழுத்துகளைச் செதுக்கிய மரம் இருக்கிறது. ஏழு காடுகளைச் சுற்றும் தடம் சுமார் 4.5 கி.மீ., பெரும்பாலும் சமதளம். அங்கும் ஏரிக்கு மேற்பரப்பில் வடிகால் இல்லை. நீர் நிலத்தடியில் போய்க் கின்வாராவில் கடலோரம் வெளிவருகிறது.

இப்போது சூரியன் மாலை 4:20 வாக்கில் மறைகிறது. நீலத் தடத்துக்குக் காலை 11 மணிக்குப் பின் கிளம்பாதீர்கள். தலைவிளக்கும் ஊதலும் பையில் இருக்கட்டும். அடிபட்டால் 112 அல்லது 999; மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லி, எந்த நிறத் தடம், கடைசியாகப் பார்த்த அம்பிலிருந்து எந்தத் திசை என்று தெரிவியுங்கள். பள்ளங்களில் சமிக்ஞை கிடைக்காது, சற்று மேலேறிப் பேச வேண்டியிருக்கும். தனியாகப் போகாமல் இருக்க அந்த ஒரு காரணமே போதும்.